போடுவதும் கொடுப்பதும்: "கேட்கிறவனுக்குக் கொடு" என்ற வசனத்தைப் பற்றி

நாங்கள் பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியிருந்த காலத்தில், வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பழைய பால்பவுடர் டின் இருக்கும். அதில் நாலணா, எட்டணா, ஒரு ரூபாய்க் காசுகள். யாராவது வாசலில் வந்து "அம்மா" என்று குரல் கொடுத்தால், அடுப்படியிலிருந்தபடியே அம்மா என்னை அனுப்புவாள். எனக்கு ஆறேழு வயது இருக்கும். ஒரு நாள் ஓடிப்போய், படியில் உட்கார்ந்திருந்த பெரியவரின் துண்டில் காசைப் போட்டுவிட்டு வந்து, "போட்டுட்டேம்மா" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "போட்டியா, குடுத்தியா?"

எனக்கு விளங்கவில்லை. டின்னிலிருந்து இன்னொரு காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, வாசலுக்குக் கூட்டிப்போனாள். "கையில குடு. முகத்தைப் பார்த்து, வாங்கிக்கோங்க தாத்தான்னு சொல்லு." சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டு என் தலையில் கை வைத்தார்.

இப்போது எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். இயேசு மலைமேல் உட்கார்ந்து போதித்த மலைப்பிரசங்கப் பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் இதைக் கேட்டுவிடுவார்கள்: "அங்கிள், கேக்குறவங்களுக்கெல்லாம் நிஜமாவே குடுக்கணுமா? சிக்னல்ல நிக்கிறவங்களுக்கும்?" அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு. ஆகவே தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் சபைப் பேச்சைக் கூடியவரை தவிர்க்கிறேன்.

வசனம் பைபிளில் மத்தேயு எழுதிய நற்செய்தி நூலில், 5:42-இல் இருக்கிறது. இயேசு சொல்கிறார்: "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே." லூக்கா 6:30-இல் இன்னும் இறுக்கமாக, "உன்னிடத்தில் கேட்கிற எவனுக்கும் கொடு" என்று வருகிறது. "தகுதியுள்ளவனுக்கு" என்று ஓர் அடைமொழிகூட இல்லை. மூலமான கிரேக்கத்தில் "திரும்பிக்கொள்ளாதே", அதாவது புறமுதுகு காட்டாதே என்பதுதான் பொருள். அதைத் தமிழில் "முகங்கோணாதே" என்று வைத்தவர்களின் காதை நான் வணங்குகிறேன். கேட்டு வருகிறவர் முதலில் பார்ப்பது நம் பர்ஸையா என்ன? நம் முகத்தைத்தானே.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கலிலேயாவின் மீனவர்கள், சிறு விவசாயிகள், அன்றாடக் கூலிகள். ரோமப் படைவீரன் ஒருவன் வழியில் நிறுத்தி "இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் வா" என்றால் மறுக்க முடியாதவர்கள். முந்தின வசனங்களில் வருவது அவர்களுடைய இந்த வாழ்க்கைதான்: கன்னத்தில் அறைகிறவன், வழக்காடி அங்கியைப் பிடுங்குகிறவன், ஒரு மைல் தூரம் வரப் பலவந்தப்படுத்துகிறவன். அந்த வரிசையின் முடிவில்தான் கேட்கிறவனும் கடன் வாங்க விரும்புகிறவனும் வருகிறார்கள். இல்லாதவர்களிடம், தங்களைவிட இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தை இது. உபரி உள்ளவர்களுக்கான அறிவுரையாக இதை வாசித்தால் அதன் எடை பாதியாகிவிடும்.

இயேசு இதைப் புதிதாகவும் சொல்லிவிடவில்லை. யூதர்களின் நியாயப்பிரமாணத்தில் வயலை ஓரம்வரை அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அயலூரிலிருந்து வந்து தங்குகிறவனுக்கும், உரியது என்று லேவியராகமம் 19-இல் இருக்கிறது. வேற்றுநாட்டு விதவையான ரூத் பெத்லகேமில் பிழைத்தது அந்தச் சட்டத்தால்தான். உபாகமம் 15-இல் ஒரு நுட்பம் உண்டு. 7 ஆண்டுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிட வேண்டும். அப்படியானால் 6-ஆம் ஆண்டில் கடன் கேட்டு வருகிறவனைப் பார்த்து, "இவன் திருப்பித் தரப்போவதில்லை" என்று மனசு கணக்குப் போடும் அல்லவா? அந்தக் கணக்கையே பொல்லாத நினைவு என்று அந்த அதிகாரம் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. தர்மத்துக்கு யூதர்கள் சொல்லும் எபிரெயச் சொல் "செதக்கா". அதன் வேர்ப் பொருள் நீதி. அதாவது கொடுப்பது இரக்கத்தின் பெருமிதமாக இல்லாமல், அடுத்தவருக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பதாகப் பார்க்கப்பட்டது. இதே போக்கில் 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவின் ஆயராக இருந்த பசிலியார், பஞ்சம் கண்ட ஊரில் நின்று, நீ பதுக்கிவைத்திருக்கும் ரொட்டி பசித்தவனுடையது, உன் பெட்டியில் இருக்கும் அங்கி ஆடையில்லாதவனுடையது என்று பிரசங்கித்தார்.

சரி, நம் ஊர்ப் பழமொழிக்கு வருவோம். "பாத்திரம் அறிந்து பிச்சையிடு." சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சொல். வசனம் ஒரு பக்கம் இழுக்க, பழமொழி மறுபக்கம் இழுக்க, நடுவில் நிற்கிறோம்.

எனக்கு நடந்த ஒன்று. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் ஓர் இளைஞர் தமிழில் கேட்டார்: "அண்ணா, சேலம் போகணும், பர்ஸ் தொலைஞ்சுபோச்சு." பெங்களூரில் தமிழ் காதில் விழுந்தாலே நமக்குக் கொஞ்சம் இளகிவிடும். 200 ரூபாய் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அதே இடம், அதே ஆள், அதே சேலம். எனக்குக் கோபம் வந்தது உண்மை. "வாங்க, கவுன்டர்ல டிக்கெட் எடுத்துத் தரேன்" என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "டிக்கெட் வேணாண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு, "சாப்டீங்களா" என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அந்த எண்ணம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் யோவான் கிறிசோஸ்தோமைத் தேடி வாசித்தேன். 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் குருவாக இருந்து, 398-இல் கான்ஸ்டான்டிநோபிளின் ஆயரானவர். அவருடைய ஊரிலும் ஏமாற்றிப் பிச்சை எடுத்தார்கள். பழைய செருப்புத்தோலை மென்று காட்டினார்கள், தலையில் கூரான ஆணியைச் செருகிக்கொண்டு வேடிக்கை காட்டினார்கள். ஊர் அவர்களை ஏசியது. கிறிசோஸ்தோம் ஊரைத்தான் கேட்டார். நேராக வந்து "பசிக்கிறது" என்று சொன்னபோது நீங்கள் ஏன் கொடுக்கவில்லை? வெறும் பசி உங்களை அசைக்காததால்தானே அவன் வித்தை காட்ட வேண்டியதாயிற்று? சேலம் டிக்கெட் கதையை அந்தத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்தேன். "பசிக்குதுண்ணா" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா?

அவரே இன்னோர் உவமையும் சொல்கிறார். கொடுக்கிறவன் ஒரு துறைமுகம். கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிறவன் நல்லவனா கெட்டவனா என்று துறைமுகம் விசாரிப்பதில்லை. தேவைதான் அவனுடைய தகுதி. பாத்திரம் அறிவது என்றால், கிறிசோஸ்தோம் கணக்கில், பாத்திரம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான்.

ஆனால் சபையின் பழைய எழுத்துகளில் எதிர்க்குரலும் உண்டு. "திதாக்கே" என்ற சிறு நூல், புதிய ஏற்பாட்டுக் காலத்தை ஒட்டி எழுதப்பட்டது. பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கையெழுத்துப் பிரதி கிடைத்து, 1883-இல் அச்சேறியது. அதன் முதல் அதிகாரத்திலேயே கேட்கிற எவனுக்கும் கொடு என்று வருகிறது. உடனே, தேவையில்லாமல் வாங்குகிறவன் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறது. அடுத்ததாக, யாருக்குக் கொடுக்கிறாய் என்று அறியும்வரை உன் தர்மம் உன் கைகளில் வியர்க்கட்டும் என்றும் ஒரு வரி. காசைப் பொத்தி வைத்திருக்கும் உள்ளங்கை வியர்ப்பது எவ்வளவு நிஜமான படம்! கவனியுங்கள், கை மூடிக்கொண்டு பையில் இல்லை. காசை எடுத்தாயிற்று, நெஞ்சு சம்மதித்தாயிற்று, போய்ச்சேரும் இடத்தைத்தான் கண் தேடிக்கொண்டிருக்கிறது.

என் மாணவர்களுக்கு அதிகம் உதவியது, வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் சொன்ன ஒரு வாக்கியம். மலைப்பிரசங்கத்துக்கு அவர் எழுதிய விளக்கத்தில் இந்த இடத்தில் நிற்கிறார்: "கேட்கிற எவனுக்கும்" என்றுதான் சொல்லியிருக்கிறது, "கேட்கிற எதையும்" என்று சொல்லவில்லை. குடிக்கக் காசு கேட்கிறவருக்குச் சாப்பாடு கொடுக்கலாம். தன்னையோ பிறரையோ கெடுக்கும் ஒன்றைக் கேட்டால் மறுக்கலாம். ஆனால் மறுக்கும்போது காரணத்தைச் சொல்லு, அவன் வெறுங்கையாய்ப் போகாமல் ஏதோ ஒன்றோடு போகட்டும் என்கிறார். கொடுக்க வேண்டியது என்ன என்பதில் நம் புத்திக்கு இடம் உண்டு. கொடுக்கலாமா திரும்பிக்கொள்ளலாமா என்பதில் இடம் இல்லை.

என்ன வேண்டும் என்று தெரிய, கேட்க வேண்டும். எரிகோவின் சாலையோரம் உட்கார்ந்து பிச்சை எடுத்த பர்திமேயு என்ற குருடர் "எனக்கு இரங்கும்" என்று கூப்பிட்டபோது கூட்டம் அவரை அதட்டியது. இயேசு நின்றார். "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்டார். குருடருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்துக்கே தெரியும், இவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் வாயால் சொல்லக் கேட்டார். ஒருமுறை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் பத்து ரூபாயை எடுத்துவிட்டேன். "காசு வேணாம் தம்பி, லிங்கராஜபுரம் போற பஸ் எதுன்னு பார்த்துச் சொல்லு" என்றார். பஸ் வரும்வரை கூடவே நின்று, ஏற்றிவிட்டு வந்தேன்.

வசனத்தின் இரண்டாம் பாதியைப் பலர் வாசிப்பதே இல்லை. பெங்களூரில் மாதச் சம்பளம் வாங்குகிற நம்மைப் போன்றவர்களிடம் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் பிச்சைக்காரர்கள் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா ஜூன் மாதம் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு அட்வான்ஸ் கேட்பார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்பார். திருப்பத்தூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்வான். இவர்கள் எல்லாரும் "கடன் வாங்க விரும்புகிறவர்கள்". நம் முகம் கோணுவதும் இவர்களிடம்தான், ஏனென்றால் இவர்கள் நாளைக்கும் வருவார்கள்.

லூக்கா 6:35 "கைம்மாறு கருதாமல் கடன்கொடுங்கள்" என்கிறது. நான் பின்பற்றப் பழகுவது இப்படி: திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுப்பது. கொடுக்கும்போதே அது போய்விட்டது என்று மனசில் எழுதிவிடுவது. பாத்திரம் துலக்குகிற இடத்தில் போய் நின்று அதை ஞாபகப்படுத்தாமல் இருப்பது. இதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: அந்த அக்காவுக்குக் கொடுக்கிற சம்பளம் நியாயமானதா? கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4-இல் இருக்கிறது. சம்பளத்தில் குறைத்துவிட்டு அட்வான்ஸில் தாராளம் காட்டினால் அதற்குக் கொடை என்று பெயரில்லை.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்பது நம்மிடமுள்ள இன்னொரு பழமொழி. இதற்கு எதிராக எல்லாரும் காட்டுவது மாற்கு 12-இல் காணிக்கைப்பெட்டியில் இரண்டு காசைப் போட்ட ஏழை விதவையை. மற்றவர்கள் பரிபூரணத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள், இவளோ தன் வறுமையிலிருந்து தன் ஜீவனுக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டாள் என்கிறார் இயேசு. ஆனால் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதச் சட்டத்தைக் கற்பிக்கிறவர்களை, அவர் கண்டிப்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அந்தக் கண்டனத்தை விட்டுவிட்டு, விதவையை மட்டும் காட்டி இல்லாதவர்களிடம் காணிக்கை கறக்கும் பிரசங்கத்தைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். "விதையுங்கள், நூறு மடங்கு வரும்" என்று பணம் வாங்கும் பிரசங்கமும் அப்படித்தான். கைம்மாறு கருதாதே என்றவரின் பெயரால் கைம்மாறு ஆசை காட்டுவது அது.

ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் இதில் மிகவும் நிதானமானவர். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையில் நிதி திரட்டும்போது, ஒருவனிடம் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று எழுதுகிறார். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாவது நோக்கமல்ல, சமநிலைதான் நோக்கம் என்கிறார். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்பதும் அவருடையதுதான். தசமபாகம் எனப்படும் பத்தில் ஒரு பங்கு பழைய ஏற்பாட்டுச் சட்டம். சில சபைகள் அதை வலியுறுத்தும், சில சபைகள் வழிகாட்டியாக மட்டும் வைத்திருக்கும்.

நெல்லைப் பக்கக் கிராமச் சபைகளில் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்து, ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பிடியரிசி என்பார்கள். எங்கள் பாட்டி பெங்களூர் வந்த பிறகும் அதை விடவில்லை. மிஞ்சிய பிறகு எடுப்பதில்லை, சமைக்கும் முன்பே எடுப்பது. ஆனால் ஒரு பிடிதான், வீடு பட்டினி கிடக்காது. அந்தப் பழமொழிக்கும் விதவைக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்குக் காட்டியது பாட்டியின் அரிசிப் பானைதான்.

நம்மவர்களுக்கு மட்டுமா என்றால், இல்லை. தேவன் தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் என்று அதே 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. 361 முதல் 363 வரை ஆண்ட, கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசர் ஜூலியன், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்கள் என்று ஆற்றாமையோடு எழுதினார். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால், சோற்றுத் தட்டோடு நிபந்தனை எதையும் சேர்த்து நீட்டக் கூடாது. உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கட்டும் என்பதும் இங்கே பொருந்தும். போர்வை கொடுக்கும்போது போட்டோ எடுத்தால், வாங்குகிறவரின் முகம் ஊரெல்லாம் போய்விடுகிறது.

கர்நாடகத்தில் 1975-இலிருந்து பிச்சையெடுத்தலைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது. அதன்படி வீட்டு வரியோடு 3 சதவீதம் செஸ்ஸும் வசூலிக்கிறார்கள், மறுவாழ்வு மையங்களை நடத்துவதற்காக. "நான்தான் செஸ் கட்டுகிறேனே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கட்டவேண்டியதுதான், அந்தப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று கேட்கவும் வேண்டியதுதான். ஆனால் வசனம் "உன்னிடத்தில்" என்று தொடங்குகிறது. அமைப்புகளும் தேவை. ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நூலின் 6-ஆம் அதிகாரத்தில், விதவைகளின் அன்றாடப் பந்தியில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு எழுந்ததும் 7 பேரை நியமித்தார்கள், அதுவே ஓர் அமைப்புதான். ஓசூர் ரோட்டில் முதியோர் இல்லம் நடத்தும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையைத் தொடங்கிய ழான் ஜுகன், தன் வீட்டு முதியவர்களுக்காகக் கூடையோடு வீடு வீடாய்ப் போய்க் கேட்டவர். கேட்பதையே ஊழியமாகச் செய்த அவரை 2009-இல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. இயேசுவும் கேட்டவர்தானே. சமாரியப் பெண்ணிடம் "தாகத்துக்குத் தா" என்று கேட்டார்.

பிள்ளைகள் கேட்ட சிக்னல் கேள்விக்கு வருகிறேன். சிக்னலில் பிச்சை கேட்கும் குழந்தைகளின் கையில் நான் பணம் கொடுப்பதில்லை. அது அவர்களைச் சாலையிலேயே நிறுத்திவைக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்காக 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம், நின்று பேர் கேட்கலாம். பெரியவர்கள் கேட்டால் கொடுக்கிறேன். ஆனால் போனிலேயே எல்லாம் கட்டிப் பழகிவிட்டதால் "சில்லறை இல்லை" என்பது இப்போது நிஜமாகிவிட்டது. வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன்னிடத்தில் எடுத்துச் சேர்த்துவைக்கக்கடவன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் மளிகைக் கடையில் பத்து 10 ரூபாய் நோட்டுகளாக மாற்றி, சட்டைப்பையில் தனியாக வைத்துவிடுகிறேன். அந்தப் பணம் என்னுடையது இல்லை என்று அன்றே முடிவாகிவிடுவதால், வியாழக்கிழமை டிராஃபிக்கில் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும்போது புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

நோட்டு தீர்ந்துபோன நாளில் என்ன செய்வது? தேவாலயத்தின் அலங்கார வாசலில் சப்பாணி ஒருவர் இயேசுவின் சீடரான பேதுருவிடம் பிச்சை கேட்கிறார். பேதுருவிடம் வெள்ளியும் இல்லை, பொன்னும் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் செய்தது அப்போஸ்தலர் 3:4-இல் இருக்கிறது: அவரை உற்றுப்பார்த்து, "எங்களை நோக்கிப்பார்" என்றார்.

சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கும் மரியன்னை பேராலயத்துக்கும் நடுவில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பையைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கண்டுகொள்ளாமல் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. நின்று, குனிந்து, "பாட்டி, இன்னிக்குக் கையில காசில்ல" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு," என்றார். "வெயில்ல நிக்காத, போ."